டி32 பயிற்சி மானியம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்றால், ஜீனோம் அறிவியல் பிஎச்.டி.க்கு நான் விண்ணப்பிக்கலாமா?

திருச்சி_புள்ளியியல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக, பல நாட்டு மக்களின் ஜீனோமை (முழு டி.என்.ஏ.வை) படித்த 1000 ஜீனோம் திட்டத்தின் தரவை இறக்கிப் பிசிஏ (பெரிய தரவை ஓரிரு அச்சுகளில் சுருக்கிப் படமாக்கும் முறை) செய்து பார்த்தேன். 26 மக்கள்குழுக்கள், 2,504 பேர். அதில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகளும் இருக்கின்றன. அந்தப் புள்ளிகள் திரையில் எங்கே வந்து விழுகின்றன என்று பார்த்த பிறகு எனக்கு வேறு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. இதிலேயே பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அமெரிக்காவில் சில ஜீனோம் அறிவியல் துறைகளில் கணிதம், இயற்பியல், கணினி படித்தவர்களை உயிரியலுக்குக் கொண்டுவரவே பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஸ்டைபண்ட், கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் தருகிறார்கள். படித்துக்கொண்டே வந்தால் கடைசியில், குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டும் என்று போட்டிருக்கிறது. என்.ஐ.எச். (அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் டி32 என்கிறார்கள். அப்படியானால் இந்தத் துறைகள் எனக்குக் கிடையாதா?

இன்னொரு சந்தேகம். நான் பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலை விட்டவள். பிப்பெட் (ஆய்வகத்தில் திரவத்தை அளந்தெடுக்கும் கருவி) கையில் எடுத்ததே இல்லை. என்னை எடுப்பார்களா?

எங்கள் துறையில் பிஎச்.டி. முடிக்கப்போகும் அக்கா ஒருவர் போஸ்ட்டாக்குக்கு (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணிக்கு) இதே மாதிரி இடம் தேடுகிறார். அவருக்காகவும் கேட்கிறேன்.

மணலி_பாபு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் டி32 பணம் கிடைக்காது, அது உறுதி. எஃப்31 என்று மாணவர்கள் தனியாக விண்ணப்பிக்கும் ஃபெல்லோஷிப்புக்கும் அதே விதிதான். ஐரோப்பா பாருங்கள், இல்லையென்றால் இங்கேயே ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தேர்வு எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணமாவது மிச்சமாகும்.

வைகைக்கரை

மணலி_பாபு சொல்லும் விதி சரி. அதனால் அந்தத் துறைகளை விட்டுவிடச் சொல்வதுதான் சரியில்லை. நான் மதுரையில் எம்.எஸ்சி. கணிதம் படித்து, இந்தியாவிலேயே பிஎச்.டி. முடித்து, அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு ஜீனோம் துறைக்குப் போஸ்ட்டாக்காக வந்தவள். இப்போது அதே துறையில் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். எங்கள் துறைக்கும் டி32 உண்டு. வந்த காலத்தில் அதில் ஒரு டாலர்கூட எனக்கு வரவில்லை. ஆனால் அதனால் கிடைத்த பயிற்சி முழுவதும் வந்தது. தங்கைக்கு முதலில் இந்த வேறுபாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

டி32 என்பது மாணவருக்குத் தரும் உதவித்தொகை இல்லை. துறைக்குத் தரும் மானியம். இத்தனை பிஎச்.டி. இடம், இத்தனை போஸ்ட்டாக் இடம் என்று என்.ஐ.எச். துறையிடம் கொடுக்கும். அதில் யாரை வைப்பது என்று துறைதான் முடிவு செய்யும். ஒருவருக்கு பிஎச்.டி. காலத்தில் மொத்தம் 5 ஆண்டு வரையும், போஸ்ட்டாக்காக 3 ஆண்டு வரையும் இந்தப் பணம் போகலாம். நடைமுறையில் பல துறைகள் ஒரு மாணவரை ஓரிரண்டு ஆண்டு அதில் வைத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கின்றன. குடியுரிமை விதி 1974-ல் வந்த தேசிய ஆராய்ச்சிச் சேவைச் சட்டத்திலிருந்து வருகிறது. துறை நினைத்தாலும் மாற்ற முடியாது, அதனால் யாரிடமும் கெஞ்சிக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெளிநாட்டு மாணவருக்குப் பணம் வேறு பையிலிருந்து வரும். முதல் ஆண்டு பெரும்பாலும் துறையோ பல்கலைக்கழகமோ கொடுக்கும். கைடு முடிவானதும் அவருடைய ஆராய்ச்சி மானியத்திலிருந்து வரும். இடையில் வகுப்பு எடுத்து ஒரு பகுதியை ஈடுகட்டச் சொல்வார்கள். மாதம் கையில் வரும் தொகை டி32-ல் இருப்பவருக்கும் உங்களுக்கும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். 2024-ல் என்.ஐ.எச். பிஎச்.டி. மாணவருக்கு வைத்த தொகை ஆண்டுக்கு 28,224 டாலர். கடற்கரை நகரங்களில் அதை வைத்து வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது என்பதால் துறைகள் மேலே போட்டுத் தங்கள் மாணவர் எல்லோருக்கும் ஒரே தொகை ஆக்கிவிடுகின்றன.

சரி, பணம் வராத மானியத்தால் உங்களுக்கு என்ன லாபம்? இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

டி32 வாங்கவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் துறை பல விஷயங்களைச் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. என்னென்ன பாடம் நடத்துகிறோம், மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், கைடுகளுக்கு வழிகாட்டப் பயிற்சி உண்டா என்றெல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டும். கணிதம் படித்து வந்தவர் ஆய்வகத்தில் நிற்பதற்கும், ஆய்வகத்திலிருந்து வந்தவர் நிகழ்தகவு படிப்பதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். இதற்காகத் தொடங்கிய பாடமும் கருத்தரங்கும் இரட்டை வழிகாட்டி முறையும் துறைக்கே பொதுவாகிவிடும். கருத்தரங்க அறைக்குள் நுழையும்போது உங்கள் ஸ்டைபண்ட் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டு மாணவர் என்ற முறையில் உங்களுக்கும் டி32 இருக்கும் துறையே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் பயிற்சி ஏன் தொடங்கியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், நேர்முகத்தில் உதவும். மனித டி.என்.ஏ. முழுவதையும் படிக்கும் மனித ஜீனோம் திட்டம் 1990-ல் தொடங்கியபோதே, உயிரியலும் கணக்கும் சேர்ந்து தெரிந்த ஆட்கள் போதாது என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே இளம் ஆராய்ச்சியாளர் பயிற்சியை ஓர் இலக்காக எழுதி வைத்தார்கள். ஆட்கள் வந்தது கணிதத்திலிருந்தும் வேதியியலிலிருந்தும்தான். அந்தத் திட்டத்தில் முன்னணியில் இருந்த எரிக் லேண்டர் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பில் கிரீனும் அப்படியே. மேனார்ட் ஓல்சன் வேதியியல். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2001-ல் தன் மரபியல் துறையையும் மூலக்கூறு உயிரித்தொழில்நுட்பத் துறையையும் இணைத்து ஜீனோம் அறிவியல் துறை ஆக்கியது. கிரீனும் ஓல்சனும் அங்கே இருந்தவர்கள். மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு, விஸ்கான்சின்-மேடிசன் ஆகிய இடங்களிலும் இதே நோக்கத்தோடு ஜீனோம் பயிற்சித் திட்டங்கள் நடந்து வந்திருக்கின்றன.

நீங்கள் இறக்கிய தரவிலேயே புள்ளியியல் படித்தவர்களின் கை எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். டி.என்.ஏ.யை வரிசைப்படுத்திப் படித்த எழுத்துகள் இருக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பைத் திறந்தால் நான்காவது வரியில் விசித்திரமான குறிகள் வரிசையாக இருக்குமே, அது ஒவ்வொரு எழுத்தும் தவறாக இருக்கும் நிகழ்தகவு. க்யூ20 என்றால் நூற்றில் ஒன்று தவறு, க்யூ30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 1998-ல் கிரீன் குழு, கருவியின் சமிக்ஞையை எழுத்தாக மாற்றும் ஃப்ரெட் மென்பொருளோடு வெளியிட்ட அளவுகோல் அது, இன்றுவரை மாறவில்லை. லேண்டரும் வாட்டர்மேனும் 1988-ல் எழுதியது இன்னும் எளிது. டி.என்.ஏ.யைத் துண்டுதுண்டாகத்தான் படிக்கிறோம். அந்தத் துண்டுகள் ஜீனோம் மேல் எங்கே வேண்டுமானாலும் விழும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 8 முறை படித்த பிறகும் ஒருமுறைகூடப் படிக்கப்படாமல் போகும் பங்கு e-யின் −8-ஆம் அடுக்கு. 300 கோடி எழுத்தில் அது சுமார் 10 லட்சம். நீங்கள் முதலாண்டில் போட்ட பாய்சான் கணக்குதான். உங்கள் பாடம் இந்தத் துறைக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்துத் தயங்கவே வேண்டாம்.

ஆனால் ஆய்வகம் வேண்டும். கணக்குக்காரர் ஆய்வகத்தில் நிற்க வேண்டுமா என்று இங்கே பலமுறை விவாதம் நடந்திருக்கிறது. நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கற்றதைச் சொல்கிறேன்.

வரிசைப்படுத்தும் கருவியில் ஏற்றும் முன் டி.என்.ஏ.யை லைப்ரரியாக, அதாவது கருவி படிக்கக்கூடிய துண்டுகளின் தொகுப்பாகத் தயாரிப்பார்கள். அதில் ஒரு கட்டத்தில் டி.என்.ஏ. துண்டுகளை நுண்ணிய காந்த மணிகளில் ஒட்டவைத்து, பிளேட்டைக் காந்தத்தின் மேல் வைத்து, 80 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவி உறிஞ்சி எடுத்த பிறகு கிண்ணத்தின் சுவரில் மணிகள் பழுப்பாக, ஈரப் பளபளப்போடு ஒட்டியிருக்கும். அந்தப் பளபளப்பு போய் மங்கும் நேரம் பார்த்து, டி.என்.ஏ.யை மணிகளிலிருந்து பிரித்தெடுக்கும் கரைசலை ஊற்ற வேண்டும். கூடுதலாகக் காயவிட்டால் கோடையில் ஏரித்தரை வெடிப்பது மாதிரி அந்தப் படலம் வெடித்துவிடும், அப்புறம் டி.என்.ஏ. முழுதாகத் திரும்பி வராது. 96 கிண்ணம் உள்ள பிளேட்டில் முதல் வரிசைக்கு ஊற்றிக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் அது காய்ந்துகொண்டே இருக்கும். டி.என்.ஏ. குறைந்த கிண்ணத்துக்குப் பிசிஆர் (டி.என்.ஏ.யை நகலெடுக்கும் முறை) சுற்றைக் கூட்டினால் ஒரே மூலக்கூறின் நகல்கள் பெருகும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஆய்வக மேலாளர் என் பக்கத்தில் நின்று, "வாசனை பார்க்காதே, பளபளப்பைப் பார்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தப் பிளேட்டின் தரவு கணினிக்கு வந்தபோது பிசிஏ படத்தின் இரண்டாவது அச்சில் பிளேட்டின் இடது பாதியும் வலது பாதியும் பிரிந்து நின்றன. எந்த வரிசைக்குக் கடைசியாக ஊற்றினோம் என்று தெரிந்திருந்ததால் அதை நோயின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து யார் தரவு கொடுத்தாலும் நான் முதலில் கேட்பது பிளேட் எண், கிண்ண எண், தயாரித்த தேதி. இவை இல்லாமல் வரும் அட்டவணையை நான் தொடுவதில்லை.

பிப்பெட் எடுக்காதவரை எடுப்பார்களா என்று கேட்டீர்கள். எடுப்பார்கள். ரொட்டேஷன் என்ற முறையே அதற்காகத்தான். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து, பிறகு கைடைத் தேர்ந்தெடுப்பீர்கள். அதில் ஒன்றையாவது ஈர ஆய்வகமாக, அதாவது கையால் சோதனை செய்யும் ஆய்வகமாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மட்டும் பார்க்கும் இரண்டு குழுக்களில் ரொட்டேஷன் செய்துவிட்டு நேரே சேர்ந்துவிடும் நம்மவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது, அந்த வாய்ப்பு பிறகு வருவதில்லை.

நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். வெளிநாட்டு மாணவரின் முதல் ஆண்டுச் செலவை யார் ஏற்கிறார்கள், எத்தனை ஆண்டு வரை எழுத்தில் உறுதி தருகிறார்கள், டி32 பாடங்களும் ஆண்டுக் கூட்டமும் இடம் பெறாதவர்களுக்கும் திறந்தவையா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கைடின் மானியம் நின்றுபோனால் துறை தாங்குமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், வேறொரு பல்கலைக்கழகத்தில், மூன்றாம் ஆண்டில் கைடின் மானியம் புதுப்பிக்கப்படாமல் மாட்டிக்கொண்டார். கூடப் படித்த அமெரிக்க மாணவியை அங்கே டி32 இடத்துக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். இவரை மாற்ற முடியவில்லை. ஒரு பருவம் முழுவதும் இரண்டு வகுப்புகளுக்கு உதவியாளராக ஓடினார், ஆராய்ச்சி நின்றுபோனது. வெளிநாட்டு மாணவருக்கு இந்த விதி உண்மையில் கடிக்கும் இடம் இதுதான். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் துறைக்குப் போங்கள்.

போஸ்ட்டாக் தேடும் அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன், சமையல் முடித்துவிட்டு வருகிறேன்.

ஹைடல்பெர்க்_செல்வன்

வைகைக்கரை அக்கா எழுதியதோடு ஐரோப்பா பக்கத்தையும் சேர்க்கிறேன். ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட எம்பிஎல்லின் (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்) பன்னாட்டு பிஎச்.டி. திட்டத்தில் நாடு ஒரு தடையே இல்லை. ஜீனோம் கணக்கில் ஆர்வம் இருந்தால் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஹிங்ஸ்டனில் இருக்கும் அதன் கிளை ஈபிஐ-யையும் (ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனம்) பாருங்கள். அதே வளாகத்தில்தான் ஜீனோம் ஆராய்ச்சி செய்யும் வெல்கம் சாங்கர் நிறுவனம் இருக்கிறது. சாங்கரில் பிஎச்.டி. நான்கு ஆண்டு. பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிறுவனமும் கணக்கு படித்தவர்களை வரவேற்கும் இடம்.

ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் முதல் ஓரிரண்டு ஆண்டு பாடம் நடத்துவார்கள். ஜெர்மனியில் முதுகலை முடித்தவர் என்றால் வந்த முதல் வாரமே ஆராய்ச்சி. பன்னிரண்டாம் வகுப்போடு உயிரியலை விட்ட உங்களுக்கு அது தலைசுற்றும். நான் இயற்பியலிலிருந்து வந்தவன், முதல் ஆறு மாதம் இரவில் மூலக்கூறு உயிரியல் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முடியாதது இல்லை, ஆனால் யாரும் கை பிடித்துக் கூட்டிப்போக மாட்டார்கள்.

பெங்களூர்_யாழினி

நம் ஊர்ப் பக்கமும் கொஞ்சம் பேசலாம். ஜேஆர்எஃப்புக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கணித அறிவியல் தாளில் புள்ளியியலும் உண்டு. கேட் தேர்வில் புள்ளியியலுக்குத் தனித் தாளே இருக்கிறது. ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சென்னை ஐஎம்எஸ்சி-யில் (கணித அறிவியல் நிறுவனம்) கணக்கீட்டு உயிரியலில் பிஎச்.டி. உண்டு. ஹைதராபாத் சிசிஎம்பி, டெல்லி ஐஜிஐபி, மேற்கு வங்கத்தில் கல்யாணியில் இருக்கும் என்ஐபிஎம்ஜி, பெங்களூர் என்சிபிஎஸ் எல்லாமே ஜீனோம் வேலை நடக்கும் இடங்கள்.

ஜீனோம்இந்தியா திட்டம் 10,000 பேருடைய ஜீனோமைப் படித்திருக்கிறது. தரவு ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார்கள். இலங்கைத் தமிழர் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து மனம் ஒட்டிப்போன ஒருவருக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறு எங்கே கிடைக்கும்? அகமண வழக்கத்தால் நம் சமூகங்களில் தனித்தனியாகத் தங்கிப்போன மரபு மாற்றங்களைப் படிக்க, இங்கேயே இருப்பது பெரிய பலம். இங்கே எனக்குக் கிடைக்காதது அக்கா சொல்லும் ரொட்டேஷன். ஜேஆர்எஃப்போடு சேர்ந்தால் பல இடங்களில் முதல் நாளே ஒரு கைடோடு கட்டிவிடுகிறார்கள். அதை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

வைகைக்கரை

யாழினி சொன்னதை முழு மனதோடு வழிமொழிகிறேன். நானும் இந்தியாவில் பிஎச்.டி. செய்தவள்தான். ரொட்டேஷன் மட்டும் இருந்திருந்தால் போஸ்ட்டாக்கில் கற்ற பலவற்றை அங்கேயே கற்றிருப்பேன்.

இப்போது போஸ்ட்டாக். டி32 போஸ்ட்டாக் இடத்துக்கும் தனிநபர் ஃபெல்லோஷிப்பான எஃப்32-க்கும் அதே குடியுரிமை விதி. கூடவே குடிமக்களுக்கும் ஒரு கட்டு உண்டு. முதல் 12 மாதம் வாங்கும் ஆதரவுக்கு ஈடாக அதே அளவு மாதம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து கழிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டும் பயிற்சியில் தொடர்ந்தால் அதுவே கழிவாகிவிடும். பிஎச்.டி. மாணவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகு டி32-க்கு முயலும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டவரைப் போஸ்ட்டாக்காகக் கைடு தன் மானியத்திலிருந்து எடுப்பார். பெரும்பாலானவர்கள் வரும் வழி அதுதான், எனக்கும் அதுதான். சம்பளம் பேசும்போது என்.ஐ.எச். அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுபவம் இல்லாத புதுப் போஸ்ட்டாக்குக்கு 2024-ல் 61,008 டாலர். டி32-ல் இல்லாதவர்களுக்கும் பல பல்கலைக்கழகங்கள் அதையே குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்கு மாற உதவும் என்.ஐ.எச்.சின் கே99/ஆர்00 மானியம் குடியுரிமை பார்க்காது. போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வந்த நாளிலிருந்தே அதை மனதில் வைத்து வேலையைத் திட்டமிட வேண்டும்.

அக்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பொருந்துவது, பல நாடுகள் சேர்ந்து நிதி தரும் எச்எஃப்எஸ்பி அமைப்பின் துறைதாண்டும் ஃபெல்லோஷிப். உயிரியல் அல்லாத துறையில், அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல், கணினி மாதிரியானவற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் உயிர் அறிவியலுக்கு மாறுவதற்கென்றே வைத்தது. மூன்று ஆண்டு. இந்தியா அதில் உறுப்பு நாடு. ஐரோப்பா போவதென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். செல்வன் சொன்ன ஹிங்ஸ்டன் வளாகத்தில் ஈபிஐ-யும் சாங்கரும் சேர்ந்து நடத்தும் எஸ்போட் திட்டத்தில் ஒரு போஸ்ட்டாக்குக்கு இரண்டு நிறுவனத்திலும் வழிகாட்டி இருப்பார். ஒருவர் கணக்கு, இன்னொருவர் ஆய்வகம் என்று அமையும் இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான் எல்லோரும் தேட வேண்டும்.

திருச்சி_புள்ளியியல்

அக்கா, நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. பிளேட் கதையைப் படித்துவிட்டு என் ப்ராஜெக்ட் தரவில் எந்த மாதிரி எந்த மையத்தில் வரிசைப்படுத்தப்பட்டது என்ற கோப்பைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருக்கிறது! என் படத்தில் இன்னும் அதை வைத்து நிறம் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு சின்னக் கேள்வி. ஜிஆர்இ (அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வு) வேண்டுமா? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் கட்ட வீட்டில் வசதி இல்லை. அப்பா பஸ் கண்டக்டர், தம்பி இப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான். அப்புறம், நான் என்ன ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன் என்று எழுதும் கட்டுரையில் உயிரியல் தெரியாததை எப்படிச் சொல்வது?

மணலி_பாபு

கைடு மானியம் நின்றால் என்ன ஆகும் என்ற விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல தகவல். கட்டண விலக்கு பற்றி ஒன்று: சில இடங்களில் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே விலக்குக் கேட்க வேண்டும், அனுப்பிய பின் கேட்டால் தர மாட்டார்கள். என் மச்சானுக்கு அப்படித்தான் போனது.

வைகைக்கரை

பெரும்பாலான ஜீனோம், உயிர் அறிவியல் பிஎச்.டி. திட்டங்கள் ஜிஆர்இ-யைக் கைவிட்டுவிட்டன. அதற்குச் செலவிடும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கட்டண விலக்கு பல இடங்களில் உண்டு, சிலவற்றில் வெளிநாட்டவருக்குக் கிடையாது. துறையின் மாணவர் ஒருங்கிணைப்பாளருக்கு அக்டோபரிலேயே நேராக மின்னஞ்சல் எழுதுங்கள். அப்பா வேலையை எழுதுவதில் கூச்சம் வேண்டாம். இரண்டு வரி போதும், அவர்கள் தினமும் பார்க்கும் கடிதம்தான். விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும், நேர்முகம் ஜனவரி, பிப்ரவரியில். பதில் சொல்ல உங்களுக்குப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு, அதற்கு முன் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 2025-ல் என்.ஐ.எச். நிதியில் வந்த வெட்டுகளால் அமெரிக்காவில் பல இடங்களில் உயிர் அறிவியல் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தார்கள். கொடுத்த சேர்க்கையைத் திரும்பப் பெற்ற இடமும் உண்டு. எனக்கு அது கோபத்தையே தருகிறது. முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கட்டிய பயிற்சி இது, ஒரு வகுப்பு மாணவர்களை இழந்தால் அந்த இடைவெளியைப் பிறகு பணம் போட்டு நிரப்ப முடியாது. அதனால் அமெரிக்காவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். நான்கைந்து அமெரிக்கத் துறை, எம்பிஎல், சாங்கர், கூடவே நெட், கேட் என்று சேர்த்தே முயலுங்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். உயிரியல் தெரியாததை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். தேர்வுக்குழுவில் உட்காருபவர்கள் தேடுவது பாடப் பட்டியலை இல்லை, ஒரு தரவோடு நீங்கள் எவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள் என்பதை. சின்ன வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கும் கட்டுரைகள் குவிந்து கிடக்கும். நீங்கள் இலங்கைத் தமிழர் மாதிரிகளில் தொடங்குங்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், படத்தில் என்ன வந்தது, அதில் எந்தப் பகுதி மக்கள்வரலாறு, எந்தப் பகுதி வரிசைப்படுத்திய மையத்தின் வேலை என்று எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்த மாதிரிகள் யாரிடமிருந்து, எந்த ஒப்புதலோடு எடுக்கப்பட்டவை என்பதையும் படித்துவிட்டு எழுதுங்கள். அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆராய்ச்சிக்காகக் கொடுத்த ரத்தத்தை வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தியதால் வழக்கு வந்து, 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்தது. டி32 துறைகளில் ஆராய்ச்சி நெறி வகுப்பு கட்டாயம், அங்கே இந்த வழக்கைப் பற்றிப் பேசாத ஆண்டு எனக்கு நினைவில்லை. புள்ளிக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த மாணவியைத்தான் நான் என் ஆய்வகத்துக்குக் கேட்பேன்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். உங்களைப் பெயரளவில் தெரிந்த துறைத்தலைவரைவிட, ப்ராஜெக்ட்டில் கூட உட்கார்ந்த விரிவுரையாளர் எழுதுவது நூறு மடங்கு நல்லது. அவருக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் படத்தையும் நிரலையும் அனுப்பிவையுங்கள். மையத்தை வைத்து நிறம் போட்ட படம் வந்ததும் இங்கேயே போடுங்கள், செல்வனும் யாழினியும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.